தலையால் அடிக்காத மருமகன்

வாங்க, எல்லாரும் சௌக்கியமா? உங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததா? உங்களை விசாரித்துவிட்டே ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் இருக்கிற கோபத்தில் உங்கள் மேலேயே பாய்ந்துவிடப் போகிறேன்.

போன ஞாயிறு எங்கள் ஊர் த்வாண்டேயிலிருந்து ரங்கூன் போனேன். மெல்போர்னிலிருந்து தங்கை மகன் மாரி வந்திருக்கிறான். கைக்குழந்தையாகப் போனவன், அங்கே ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கினான். அது நம் பந்து இல்லை, முட்டை மாதிரி நீளம். உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பியும் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் ஊரே எழுந்து கைதட்டுமாம். பள்ளிக்கூடத்தில் இவன் எழும்பியதைப் பார்த்துத்தான் ஒரு கிளப் கொத்திக்கொண்டு போனது. ஏழு வருஷ ஆட்டம், தலையில் அடிமேல் அடி. கடைசி அடியில் அம்மா பேரே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. இன்னொரு அடி தாங்காது என்றார் டாக்டர். கிளப் கைகுலுக்கி அனுப்பிவிட்டது. அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி கேட்பீர்களே. தலா என்கிற படகுத்துறைக்கு வண்டியில் ஒரு மணி நேரம், அப்புறம் படகில் பத்து நிமிஷம். கடல்புறாக்கள் கூடவே வரும். என் கையிலிருந்த வடையை ஒன்று எழும்பிப் பிடுங்கியது. அந்தக் கிளப் பார்த்திருந்தால் அதையும் கூட்டிப்போயிருக்கும். இறங்கி நடந்தால் ரங்கூனின் பபேடான் பேட்டை.

அங்கே டீக்கடையில் கோயில் கமிட்டி கோ செல்வம் மாரியை வளைத்திருந்தான். பர்மாவில் பேருக்கு முன்னால் 'கோ' என்றால் அண்ணன், 'ஊ' என்றால் பெரியவர். கோயில் நிதிக்காக அன்றைக்கே, தாமுவே என்கிற பேட்டையின் மைதானத்தில் போலோன், அதாவது நம் உருண்டைப் பந்தாட்டம். 'ஆஸ்திரேலியா ஸ்டார்' என்று பேனரே கட்டிவிட்டான்.

"அவன் ஆட்டம் வேற, கோ செல்வம்."

"போலோன்னா போலோன்தான், ஊ ராமு. உங்க மருமவன் அங்க என்ன கோலிக்குண்டா ஆடுனாரு?"

"தலையில அடி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருய்யா!"

"பந்துதானே? பாறாங்கல்லா?"

மாரி என் கையைப் பிடித்தான். "கோயிலுக்குத்தானே மாமா. ஓரமா நிக்கிறேன்."

எங்கே ஓரமாக நிற்க விட்டார்கள்? ஆட்டம் சமமாக இருந்தது. முடியப் போகிற நேரத்தில் மூலையிலிருந்து உயரமாக ஒரு பந்து, நேரே இவனுக்கு. கூட்டம் மொத்தமும் கத்தியது. "தல! தல குடு!"

"வேணாண்டா!" என்று கோட்டோரமாக ஓடினேன். என் குரல் யாருக்குக் கேட்கும்?

மாரி எழும்பினான். எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி, எல்லாத் தலைகளுக்கும் மேலே போய், இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினான்.

விசில். பிறகு சிரிப்பு. "கையால புடிச்சிட்டான்யா ஸ்டாரு!"

"மானத்த வாங்கிட்டானே!" என்று கோ செல்வம் தலையில் கை வைத்தான்.

"மானம் ஒன்னுது. தல அவனுது!" என்று கத்தினேன். இன்னும் சொன்னேன், அதை எழுத முடியாது.

மாரி பந்தோடு வந்தான். "கை தானாப் போயிடுச்சு மாமா." வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தான்.

தாமுவே போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள், மைதானத்தில் நிழல் கிடையாது. திரும்பும் படகு எப்போது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மாரியைப் பார்த்தால் கோல் எத்தனை என்று கேட்காதீர்கள், தலைவலி எப்படி என்று கேளுங்கள். கோ செல்வம் அடுத்த ஆட்டத்துக்கும் பேனர் எழுதக் கொடுத்திருக்கிறானாம். நான் மட்டும் அங்கே இருந்தால் அந்தப் பேனரை அப்படியே சுருட்டி அவன்... இருங்கள், உள்ளேயிருந்து வீட்டுக்காரி கூப்பிடுகிறாள்.

"ஏங்க, மாரி போன்ல! இன்னிக்குத் தலவலியே இல்லையாம், சீக்கிரம் வாங்க!"