புளியமரத்தைப் புகைய வைத்த மோட்டார் ரம்பம்

அன்று அந்தப் புளியமரத்தடியில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். இப்போது ஓசூர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் தானும் அங்கே நின்று பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மோட்டார் ரம்பத்தின் சொந்தக்காரர், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சோறு கொண்டுவந்த அக்கா. மரத்துக்குச் சொந்தக்காரரான தோட்டத்துக்காரர். அவருடைய காவல்காரர். கை ரம்பம் இழுத்துப் பிழைக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். ஏழாவது ஆள் நான். மற்ற ஆறு பேரும் தாங்களாக வந்தவர்கள். என்னை மாமா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மாமா அதுவரை ஜூஜுவாடிக்கும் ஓசூருக்கும் பார வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். பெங்களூரில் பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். திரும்பி வரும்போது பஸ் கூரைமேல் இந்த மிஷின் இருந்தது. காளை இரண்டையும் வண்டியையும் விற்ற காசு அத்தனையும் அதற்குள் போயிருந்தது. அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று மாமா என்னிடம் சொன்னார்.

மிஷினை நான் தூர நின்றே சுற்றிப் பார்த்தேன். ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின். அதிலிருந்து ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை. பட்டையைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. எஞ்சின் ஓடினால் சங்கிலியும் ஓடும். எஞ்சினை ஒருவர் பிடிக்க வேண்டும். பட்டையின் மறுமுனையிலும் ஒரு கைப்பிடி, அதை இன்னொருவர் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான் என்று மாமா முடிவு செய்திருந்தார்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு வராவிட்டாலும் பயம் நன்றாக வரும். பஸ்ஸில் ஏறினால் சக்கரம் கழன்றுவிடுமோ என்று நினைப்பேன். கழலாமல் இறங்கினால், நான் இறங்கிய பிறகு கழலுமோ என்று நினைப்பேன்.

"மாமா, சங்கிலி அறுந்தா எந்தப் பக்கம் வரும்?"

"வந்தப்பறம் சொல்றன்டா மாப்ளே."

"பெட்ரோல் புடிச்சிக்கிட்டா?"

"ஓடு."

"கைப்புடிய உட்டுட்டா?"

"உட்டுட்டு ஓடு."

இது எனக்குப் போதவில்லை. ஓசூரில் லாரி ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, எதெதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். அந்த ஆள் சளைக்காமல் சொன்னார். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே. ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாதே. சங்கிலி தொளதொளவென்று தொங்கினால் ஓட்டாதே. ஓடுகிற சங்கிலிக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி எதுவும் கூடாது. பிளக் வயரைப் பிடுங்காமல் பல்லில் கை வைக்காதே. மரம் சாயும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே பாதை பார்த்து வை. கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. அத்தனை ஆபத்தும் என் மனதில் ஏற்கெனவே இருந்தவைதான். ஒரு மெக்கானிக்கும் ஒத்துக்கொண்டது பெரிய ஆறுதல்.

தோட்டத்துக்காரருக்கு வரப்போரமாக வரிசையாய்ப் புளியமரங்கள். நிழலில் ஒன்றும் விளைவதில்லை என்று அவற்றை எடுத்துவிட நினைத்திருந்தார். அவர் மாமாவிடம் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. முதல் மரம் பொழுது சாய்வதற்குள் விழுந்தால் எல்லா மரத்தையும் வெட்டுகிற வேலை மிஷினுக்கு. விழாவிட்டால் எல்லாமே கை ரம்பக்காரர்களுக்கு. அதனால்தான் அந்த அண்ணனும் தம்பியும் காலையிலேயே ரம்பத்தோடு வந்து அடுத்த மரத்து நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கோ திரும்பிப் போக வண்டியும் இல்லை, மாடும் இல்லை.

நான் காக்கி டிராயர் போட்டு, இரண்டு காலிலும் கோணிச்சாக்கு சுற்றி, தொடைமேல் மண்ணெண்ணெய் டின் தகரத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனேன். நடந்தால் கடகடவென்று சத்தம் வந்தது.

"யாருடா இது, ஈயம் பூசறவனா?" என்றான் தம்பி ரம்பக்காரன்.

நான் மாமாவின் வேட்டியை இறுக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்ட வைத்தேன். தம்பி ரம்பக்காரனின் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி மண்ணில் புதைத்தேன். பெட்ரோல் டின்னைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தேன். ஓடுகிற பாதையில் கிடந்த முள்ளைப் பொறுக்கிவிட்டு இரண்டு தடவை ஓடிப் பார்த்தேன். கடைசியாகத் தோட்டத்துக்காரரிடம் போனேன்.

"ஐயா, மரம் எத்தினி ஒசரமோ அத மாதிரி ரெண்டு பங்கு தூரம் தள்ளி நிக்கணுங்க."

"அவ்ளோ தூரம் போனா எங்கூட்டுக்குள்ளயே போயிருவேனேடா!"

"அதுவும் நல்லதுங்க."

மாமா கயிற்றை இழுத்தார். ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு எஞ்சின் உறுமியது. காவல்காரர் சொல்லிக்கொள்ளாமல் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். நான் கைப்பிடியைப் பிடித்தேன். அது என்னைப் பிடித்து உலுக்கியது. சங்கிலியை மரத்தில் வைத்தோம்.

கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு புகை. தூள் எதுவும் விழவில்லை. மரப்பட்டை கருகுகிற நாற்றம் மட்டும் வந்தது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் மரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

"அண்ணா, இவங்க மரம் வெட்றாங்களா, தோசை சுடறாங்களா?" என்றான் தம்பி.

மாமா சங்கிலியை இறுக்கினார். மறுபடியும் புகை. எண்ணெய் விட்டார். புகை கொஞ்சம் கறுப்பாக வந்தது. எஞ்சின் ஆறட்டும் என்று உட்கார்ந்து, அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சோறு வந்தது, யாரும் சாப்பிடவில்லை. கிணற்றுப் பக்கமிருந்து திரும்பிய காவல்காரர், மரத்தில் முனி இருப்பதாகவும் அதற்குப் பெட்ரோல் வாசனை ஆகாது என்றும் சொன்னார். அக்கா உடனே ஒரு கோழி நேர்ந்துகொண்டாள். அதன் பிறகும் புகைதான் வந்தது.

தோட்டத்துக்காரர் வானத்தைப் பார்த்தார். "ஏப்பா, நீங்க ரம்பத்த எடுத்துக்குங்க. பொழுது போவுது" என்றார் அந்தப் பக்கம் திரும்பி. மாமா எஞ்சின் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக, என் உயிரைத் தவிர வேறொன்றுக்காகப் பயம் வந்தது.

அண்ணன் ரம்பக்காரர் எழுந்து வந்தார். மைசூர்ப் பக்கம் பிறந்தவர். தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். சங்கிலியிடம் குனிந்தார். நான் பாய்ந்து போய்ப் பிளக் வயரைப் பிடுங்கிய பிறகுதான் அவரைத் தொட விட்டேன். கட்டைவிரலால் பல்லைத் தடவினார். சிரித்தார்.

"கொத்தாயித்து. எனக்குத் தெரிஞ்சி போச்சு. சொல்லணும்னா பத்து ரூபா."

"உனுக்கு ஏன்யா அந்த வேல? மரம் விழலன்னா எல்லாமே உனுக்குத்தானே?" என்றார் மாமா சந்தேகத்தோடு.

"புளியமரம் சாய்க்கிறது கழுத வேல. என் தோளு போயிரும். சாய்க்கிறத உன் மிஷின் பண்ணட்டும், பலக அறுக்கிறது எங்குளுக்கு. ஆனா சும்மா சொல்ல மாட்டேன் சாமி."

நாலு என்றார் மாமா. எட்டு என்றார் அவர். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, ஆறு ரூபாயில் நின்றது. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள்.

"மிச்சம் நாலுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்" என்றார் மாமா.

"நீ பேடா, வேணாம். இவன் சொல்லட்டும்." அவர் விரல் என்னைக் காட்டியது. "இவன் மூஞ்சிய நோடு. கடன வச்சிக்கிட்டு இவனால தூங்க முடியாது."

நானே பொறுப்பு என்று சொன்னேன். சொன்னவுடனே தூக்கம் போய்விட்டது தெரிந்தது.

"வண்டிக்கு மாடு பூட்டற மாதிரி சங்கிலியப் பூட்டிட்டியேப்பா! மாடுதான் உனுக்கு முதுகக் காட்டி அந்தப் பக்கம் பாக்கணும். மரத்த அறுக்கிற பக்கம் பல்லு உன்னப் பாக்கணும். பூரா உல்ட்டா" என்றார் அவர் மாமாவிடம்.

அதுதான் விஷயம். பெங்களூரிலிருந்து வந்த அன்றே மாமா தீட்டுவதற்காகச் சங்கிலியைக் கழற்றியிருந்தார். திரும்ப மாட்டும்போது, இருபது வருடம் வண்டி ஓட்டிய கை, எல்லாப் பல்லையும் காளைகளைப் போல முன்னால் பார்க்க வைத்துப் பூட்டிவிட்டது. நான் பயந்து வைத்திருந்த அத்தனை விஷயத்தில் இது மட்டும் இல்லை.

கழற்றித் திருப்பி மாட்டினோம். கயிற்றை இழுத்தார். இந்தத் தடவை சங்கிலி மரத்தைக் கவ்விய வேகத்தில் நான் ஒரு முழம் முன்னால் போனேன். மரத்தூள் என் முகத்தில் பொறிமாதிரி அடித்தது. தொடைத் தகரம் தாளம் போட்டது. விழ வேண்டிய பக்கம் முதலில் வாய்போல ஒரு பள்ளம் வெட்டினோம். பிறகு மறுபக்கம் வந்து அறுத்தோம். மரம் முதுகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. மாமா எஞ்சினை நிறுத்தி, "போடா!" என்றார்.

போனேன். பார்த்து வைத்த பாதை முடிந்த பிறகும் போனேன். நின்று பார்த்தபோது தோட்டத்துக்காரருக்கும் பின்னால் இருந்தேன்.

"ரெண்டு பங்கு தூரம்னு சொன்னியே, இது நாலு பங்கு இருக்கும்டா" என்றார் அவர். மரம் வயல் பக்கம், நினைத்த இடத்தில் படுத்திருந்தது. பொழுது பாதி உள்ளே போயிருந்தது; பாதி வெளியே இருக்கிறதே என்று அக்கா வாதாடினாள். தோட்டத்துக்காரர் அவளோடு வழக்கடிக்க விரும்பவில்லை. எல்லா மரமும் மாமாவுக்கே வந்தது.

வேலை முடிந்து காசு வந்தபோது மாமாவிடம் அந்த நாலு ரூபாயைக் கேட்டேன்.

"சங்கிலியத் திருப்பி மாட்டுனது யாரு? நான். அந்தாளு பேசுனது ஒரே பேச்சு. அதுக்கு உங்கக்கா குடுத்த ரெண்டு ரூபாயே ஜாஸ்தி மாப்ளே."

அண்ணன் ரம்பக்காரர் மாமாவைக் கண்டால் நலம் விசாரிப்பார். என்னைக் கண்டால் விரலைக் காட்டுவார். முதலில் நாலு விரல். என் கூலியில் ஒரு ரூபாய் கொடுத்தேன், மூன்று விரலானது. அப்புறம் ஒரு நாள் அவரே எதிரில் வந்துவிட, மடியில் இருந்த நாலணாவையும் கொடுத்தேன். மாமாவின் கணக்கில் பாக்கி ஒன்றுமில்லை. ரம்பக்காரர் கணக்கிலும் என் கணக்கிலும் இன்னும் நிற்பது இரண்டே முக்கால் ரூபாய்.