காயப்போட்ட எலுமிச்சை

காலையில் கிணற்றடிக்கு வந்ததும் பலவேசம் உடனே தண்ணீர் இறைக்க மாட்டார். கிழக்கே பார்த்து நின்று மேலுதட்டை இடது கையால் தூக்கிக்கொள்வார். வலது கட்டைவிரலை ஈறின் ஒரு கோடியில் வைத்து, ஒவ்வொரு பல்லாக அழுத்திக்கொண்டே மறு கோடி வரை கொண்டுபோவார். பிறகு விரலை வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கிணற்றுச் சுவரில் எப்போதும் ஒரே கல்லில் விரலைத் துடைத்துவிட்டுத்தான் வாளியை எடுப்பார். மாசி முடிவதற்குள் அந்தக் கல் செம்பழுப்பாகிவிட்டிருந்தது.

1962ஆம் வருஷம். நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைச் சாவி கொடுக்கிற குமாஸ்தா. சீசன் முடிந்தால் லாட்ஜில் ஆள் இருக்காது. பின்கட்டு அறையில் பலவேசமும் அவர் மனைவி கோமதியம்மாளும் குடியிருந்தார்கள். சீசன் இல்லாத மாதங்களில் பலவேசம் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வார், வெள்ளையடிப்பார். அவருடைய தொழில், அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது. சாரல் விழ ஆரம்பித்ததும், லாட்ஜுக்குப் பின்னால் அருவிக்குப் போகிற பாதையில் ஒரு சரிந்த பாறையில் எண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்துவிடுவார். இருபத்தாறு சீசன் அந்தப் பாறையில்தான். அது அவருடையது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு சீசன் வராமல் போனால் அடுத்த ஆள் சட்டியை வைத்துவிடுவான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்க முடியாது.

வந்துபோகிறவர்களை அவருக்கு முகத்தால் தெரியாது. சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்தால்தான், "அட, நீங்களா? போன வருஷத்துக்கு இடுப்புல சதை போட்டிருக்கே" என்பார். நான் மேஜையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த புதுக்கவிதைப் பத்திரிகையை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பலசரக்குச் சிட்டை மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முந்தின ஐப்பசியில் அவருக்கு வயிற்றுப் புண். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் சுருண்டு படுத்துக்கொள்வார். வைத்தியர் ஒருவர் சூரணம் கொடுத்தார். புளிப்பு, காரம், காய்கறி கூடாது. நாற்பத்தெட்டு நாள் கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் என்று பத்தியம் சொன்னார். வலி நின்றது. நாற்பத்தொன்பதாவது நாள் வைத்தியர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். பலவேசம் கேட்கவில்லை.

"வயிறு இப்பத்தான் தூங்குது. அதைப் போயி எதுக்கு எழுப்பணும்?" என்றார்.

அவர் எதிரே குழம்பு மணக்க வேண்டாம் என்று கோமதியம்மாளும் அதே கஞ்சியைத்தான் குடித்தார். தைக்குள் பலவேசத்துக்கு ஈறு வீங்கியது. மாசியில் ரத்தம். பங்குனியில் காலெல்லாம் மயிர்க்கால் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புப் புள்ளி. இளம் வயதில் பாறையில் வழுக்கி முழங்காலில் ஏற்பட்ட தழும்பு ஒன்று, இருபது வருஷமாக ஆறிக்கிடந்தது, தானாக வாய் திறந்துகொண்டது. கை விரல்களை மடக்கினால் நிமிர்த்த முடியவில்லை.

நான்தான் அவரைப் பஸ்ஸில் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சங்கரநாராயணன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"பழம், காய்கறி தின்னு எத்தனை நாளாச்சு?"

"ஆறு மாசம் ஆகுதுய்யா."

"நல்லா இருக்குவே. அந்தக் காலத்துல கப்பல்ல போனவனுக்கு வந்த சீக்கை மலையடியில உக்காந்து வரவழைச்சிருக்கீரு." டாக்டர் மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. "உமக்கு மருந்து பழக்கடையில இருக்கு. எலுமிச்சையோ ஆரஞ்சோ சாத்துக்குடியோ, தினம் ரெண்டு. அறுத்ததும் பச்சையாச் சாப்பிடணும். நாளாக நாளாக அதுல இருக்கிற சத்து போயிரும். பதினஞ்சு நாள்ல எழுந்து நடப்பீரு."

"புளிப்பாச்சேய்யா. வயித்துல புண்ணு."

"சோறு தின்ன பிறகு தின்னும். புளிப்பு உம்மைக் கொல்லாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பலவேசம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொல்லாதாம். எரிஞ்சது அவரு வயித்துலயா?"

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்த கிதிர் முகம்மதுக்கு நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். வருஷா வருஷம் பலவேசத்தின் பாறைக்கு வருகிறவர். நாலாம் நாள் அவரே ஒரு சாக்கோடு வந்து இறங்கினார்.

"என்னவே பலவேசம், எலுமிச்சம்பழம் இல்லாம படுத்துட்டீராமே? எங்க ஊர்ல மாடு மிதிச்சுக்கிட்டுப் போகுது."

"நீங்க இருக்கையில எனக்கென்ன மொதலாளி."

"ஆடியில என் முதுகை வேற எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன், பாத்துக்கிடும். வாரம் ஒரு சாக்கு வரும். திங்கணும், ஆமா."

வாரம் தவறாமல் சாக்கு வந்தது. முதல் நாள் பலவேசம் ஒரு பழத்தை அறுத்து நாக்கில் வைத்தார். வீங்கின ஈறில் சாறு பட்டதும் துடித்துப்போய்த் துப்பிவிட்டார். வாயிலேயே இப்படி என்றால் வயிற்றில் என்ன செய்யும் என்று அவரும் மனைவியும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உப்பில் போட்டுக் காயவைத்த நார்த்தங்காய் கொடுப்பதில்லையா? அதேபோல.

கோமதியம்மாள் பழங்களை நாலாக வகுந்தார். சாறு இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று சொட்டு விடாமல் ஒரு சட்டியில் பிழிந்தார். தோலை உப்பில் புரட்டி மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயப்போட்டார். பங்குனி வெயில். பத்து நாளில் தோல் கறுத்துச் சுருண்டது.

பாயைப் பார்த்துவிட்டு நான் கீழே வந்தேன். "அண்ணாச்சி, டாக்டர் பச்சையா..." என்று இழுத்தேன்.

"எலுமிச்சைதானடே இதுவும்? வேற மரத்துலயா காய்ச்சுது?" என்றார். "புளிப்பை எடுத்துட்டுச் சத்தை வச்சுருக்கோம். டாக்டருக்கு மேலல்லா யோசிச்சிருக்கா ஒங்க மதினி."

உறுதியாக எனக்கும் தெரியாது. தென்காசிக்கு ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அரை மணி நேரப் பஸ்தான்.

அவர் ஏமாற்றவில்லை. நாளைக்கு ஆறு துண்டு, கஞ்சியில் ஊறவைத்து, ஆடுகிற பற்களால் மென்று தின்றார். சித்திரையில் கீழ்ப்பல் இரண்டு விழுந்தன. கிணற்றடிக்கு வருவது நின்றது. படுக்கையிலேயே கட்டைவிரலால் ஈறைத் தடவி, என்னைக் கூப்பிட்டு, "கொறஞ்சிருக்கா பாரு" என்று விரலைக் காட்டுவார். விரல் முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

"கொறஞ்ச மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி."

"இன்னும் ரெண்டு துண்டு கூடத் திங்கேன். சாரலுக்குள்ள எந்திரிச்சிரணும். அந்தப் பால்வண்ணநாதன் பய சட்டியைத் தூக்கிக்கிட்டுப் பாதையிலேயே நிக்கானாம்."

வைகாசி கடைசியில் சாரல் விழுந்தது. இரண்டு நாளில் அருவியில் தண்ணீர் கொட்டியது. மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். நான் அவருக்குக் கஞ்சித் தம்ளர் கொண்டுபோயிருந்தேன். பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பட், பட் என்று, இரண்டு தட்டு, ஒரு இடைவெளி.

பலவேசம் தலையைத் தூக்கினார். "அது என்னது?"

"யாரோ துணி துவைக்காங்க அண்ணாச்சி."

"போடா கிறுக்கா. துணிக்கும் முதுகுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?" இன்னும் கொஞ்சம் கேட்டார். "என் பாறையில எவன்லே தட்டுதான்? கையை வச்சு அறையுதான் பாரு, மாட்டை அறையுத மாதிரி."

கட்டிலைப் பிடித்து எழுந்தார். மடங்கிக் கிடந்த கால்களை எப்படி நிமிர்த்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டி கேட்டார். கோமதியம்மாள் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தார். அவரால் நடக்க முடியும் என்று ஒரு நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் நம்பிவிட்டோம். வாசல்படி இறங்கி மூன்றாவது எட்டில், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி நின்றார். சட்டி முதலில் விழுந்தது. நான் போய்த் தூக்கியபோது மூச்சு இல்லை. பாதையில் தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. அருவிச் சத்தத்தில் அங்கே ஒன்றும் கேட்டிருக்காது.

அந்த ஆடியில் கிதிர் முகம்மது குளிக்க வந்தார். பாறைப் பக்கம் போகாமல், எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல், அருவியில் நின்றுவிட்டுப் போனார்.

டாக்டரிடம் நான் ஆவணியில்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். "உப்புல போட்டுப் பத்து நாள் வெயில்ல காய வச்சா அந்தச் சத்து என்னத்துக்கு நிக்கும்? அதுக்கு முந்தியே சாறைப் பிழிஞ்சாச்சு. சக்கையைத்தான் தின்னுருக்கான்" என்றார்.

கோமதியம்மாள் தென்காசியில் தம்பி வீட்டோடு போய்விட்டிருந்தார். அடுத்த வருஷம் ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன், சொல்லவில்லை. அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கவே இல்ல தம்பி. மாசியில எனக்கும் ஈறுல ரத்தம் வந்துச்சு. கால்ல புள்ளியும் வந்துச்சு. அவரு பயந்துருவாருன்னு நான் யாருகிட்டயும் மூச்சு விடல. ஒரே கஞ்சிதான் ரெண்டு பேரும் குடிச்சோம். எலுமிச்சங்கா வர ஆரம்பிச்சு பத்துப் பதினஞ்சு நாள்ல எனக்குத் தன்னால நின்னு போச்சு. நான் ஒரு துண்டு உப்புத்தோல் தொடல, அம்புட்டும் அவருக்கே வச்சேன். சாமி எனக்கு மட்டும் எதுக்கு எரக்கப்பட்டுதோ."

"அந்தச் சாறை என்ன மதினி செஞ்சீங்க?" என்றேன்.

"பிழிஞ்சதா? கொட்ட மனசு வருமா தம்பி, சட்டி நெறைய இருக்கும். அவருக்குப் புளிப்பு ஆகாதேன்னு நான்தான் அப்பப்ப தண்ணி ஊத்திக் குடிச்சுத் தீத்தேன்."