லவுட்ஸ்பீக்கர் படம் போட்ட பட்டன்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவன். ஏன் வரவில்லை என்று கேட்டு எந்த வாத்தியாரும் வீடு தேடி வரவில்லை. அதிலிருந்தே என் படிப்பின் திறத்தை விளங்கிக்கொள்ளலாம். பிழைப்புக்கு ஒரு லவுட்ஸ்பீக்கர் செற் வைத்திருந்தேன். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பெருநாளோ, கலியாணமோ, செத்தவீடோ, பனையில் குழாயைக் கட்டி மைக்கில் நான் 'ஹலோ' சொன்ன பிறகுதான் எதுவும் தொடங்கும். மைக் கையில் இருந்தால் சும்மா இருக்க மாட்டேன். பிந்தி வருகிற மாப்பிள்ளையிலிருந்து தூங்கி விழுகிற வள்ளக்காரச் சம்மாட்டி வரைக்கும் எல்லாருக்கும் ஒரு பகிடி இருக்கும். சனம் சிரித்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு தேவையில்லை.

வீட்டில் மட்டும் அந்த வித்தை எடுபடவில்லை. மனிசி சத்தம் பிடிக்காதவள். நான் றேடியோவைக் கூட்டி வைப்பேன். அவள் குசினிக்குள்ளிருந்து ஈரக்கையோடு வந்து குறைத்துவிட்டுப் போவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த றேடியோவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் எங்கள் வீட்டு அலுவல்.

சண்டை ஓய்ந்து கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலத்தில், பிரான்சில் இருந்த தன் தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்கு என்று மனிசி மூன்று மாதத்துக்குப் போனாள். மூன்று மாதம் முடிந்தது. அங்கேயே இருக்க வழி பார்க்கலாம் என்று தமக்கை சொல்கிறாளாம் என்று ஒரு சேதி வந்தது. பிறகு ஒரு வருசமும் போய்விட்டது. றேடியோவின் திருகு நான் வைத்த இடத்திலேயே நின்றது. சில நாள் வேண்டுமென்றே பெரிதாகக் கூட்டிவிட்டு குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பக்கத்து வீட்டு நாய்தான் எழும்பிப் போகும்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்சிலிருந்து எங்கள் சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்கு ரெலிபோன் எடுப்பாள். அங்கே ஒரு நீள மர வாங்கில் பத்துப் பேர் தங்கள் தங்கள் அழைப்புக்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படியொரு ஞாயிறுதான், பல மாதமாக நெஞ்சுக்குள் கிடந்ததை அவளிடம் கேட்டேன்.

"என்னப்பா, எப்ப வாறீர்? இஞ்ச ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஒரு ஆள் இல்லை."

வாங்கில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இதற்கு ரெலிபோனில் பதில் சொல்ல ஏலாது, சனம் நிற்கிறது, வேறு வழியில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

வேறு வழி என்பது ஒரு லப்டொப்பாக வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெட்டியில் மடித்த சேட்டுக்களுக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். என் சகலன் அங்கே கொம்பியூட்டர் வேலை செய்கிறவர். கடையில் பழசாக வாங்கி, லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுத் தந்திருந்தார். அதற்குக் காசு இல்லையாம், கிருமியும் பிடிக்காதாம். திறந்ததும், நீர்க்காகத்துக்குக் கோட்டுப் போட்டுவிட்டது போல ஒரு குருவி குந்தியிருந்தது, அதுதான் லினக்சின் அடையாளமாம். அதற்குப் பக்கத்தில் இருந்த படத்தை அமத்தினால் என் மனிசி வந்தாள்.

கம்பளிச் சட்டை போட்டு, ஒரு கதிரையில் இருந்தாள். பின்னால் ஒரு யன்னல், அதற்குக் கீழே காயப்போட்ட காலுறைகள். மெலிந்திருந்தாள். என்னை நேரே பார்த்து வாயைத் திறந்தாள். பேசினாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

காதை வைத்துப் பார்த்தேன். தூரத்தில் கடலலை போல ஒரு சரசரப்பு இருந்தது, அவ்வளவுதான். கீழே பார்த்தால் பட்டன்களில் நீல மையில் சின்னச் சின்னப் படங்கள். ஒன்றில் சூரியன், ஒன்றில் சந்திரன், இரண்டில் லவுட்ஸ்பீக்கர். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. இங்கிலீசு தெரியாதவனுக்கு, பிரெஞ்சு எழுத்துப் பட்டன்களுக்கு நடுவில், தன் தொழிலே படமாகக் கிடக்கிறது. குழாய்க்கு முன்னால் ஒரு கோடு போட்டிருந்தால் மெல்ல, மூன்று கோடு போட்டிருந்தால் பெலத்து. அமத்தினேன். ஒன்றும் இல்லை. மூலையில் இருந்த நீலப் பட்டனையும் சேர்த்து அமத்த வேண்டும் என்று பிறகு கண்டுபிடித்தேன். சேர்த்து அமத்தினேன். பெருவிரலால், ஆள்காட்டி விரலால், ஒருக்கால் முழங்கையாலும் அமத்தினேன். ஊருக்கே சத்தம் காட்டுகிறவன் வீட்டில் ஒரு மனிசியின் சத்தத்தைக் கூட்ட ஏலவில்லை.

சத்தமில்லாமலே பார்த்துப் பார்த்து அவள் முகம் மனப்பாடமானது. இந்த இடத்தில் கீழே பார்ப்பாள், இந்த இடத்தில் மூக்கைத் துடைப்பாள். கடைசிச் சொல்லில் இரண்டு உதடும் ஒட்டி நிற்கும். அதுதான் பதில் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஓம் என்றாலும் உதடு மூடும், வேண்டாம் என்றாலும் மூடும். நானும் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். என் உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் மூடியது.

அடுத்த ஞாயிறு அவள் எடுத்ததும் உள்ளதைச் சொன்னேன், படம் தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை என்று. லவுட்ஸ்பீக்கர்காரனுக்குச் சத்தம் கேட்கவில்லையாம் என்று வாங்கில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

"கேட்டுப்போட்டுத்தான் பகிடி விடுறியள். உங்களுக்குப் பதில் இருந்தா நீங்களே எடுங்கோ. இனி நான் எடுக்கமாட்டன்."

சொன்னபடியே எடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வாங்கில் போய் இருந்தேன். மற்றவர்களுக்கு மணி அடித்தது. நானே எடுத்து, என்ன சொல்வது? அவள் என்ன சொன்னாள் என்று தெரியாமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? அந்த நாள்களில் நான் பகிடி விடவில்லை. எனக்கு ஏதோ நோய் வருத்தம் என்று ஊரில் கதை பரவியது.

வேலணையில் இரண்டு கொம்பியூட்டரை வைத்து வகுப்பு நடத்தும் ரீச்சர் ஒருவர் இருந்தார். என்னைவிட வயது குறைந்தவர், வாய் என்னைவிடக் கூடியது. லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் நேவிக்காரரின் சென்ரியில் சோதனைக்கு இறக்கித் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் மனிசி பேசத் தொடங்கிவிட்டாள். அந்த நேவிப் பொடியனுக்குத் தமிழ் தெரியாது. சத்தமும் இல்லாததால் அவனும் நானும் ஒரே வகுப்பு. அவனும் லவுட்ஸ்பீக்கர் பட்டனை இரண்டு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, மெதுவாக மூடித் தந்தான்.

ரீச்சர் பார்த்துவிட்டு, உள்ளுக்குள் இரண்டு திருகு இருப்பதாக விளக்கினார். ஒன்று திரையில் தெரிகிறது, அது முழுக்கக் கூட்டித்தான் இருக்கிறது. மற்றது மெசினுக்குள்ளே, மிகவும் குறைந்து கிடக்கிறது. அதைத் தொட இந்த லவுட்ஸ்பீக்கர் பட்டனால்தான் முடியும். லினக்சுக்கு அந்தப் பட்டனைத் தெரியவில்லை. எனக்கு இது உடனே விளங்கியது. பாட்டுப் பெட்டியைக் கூட்டிவிட்டு அம்பிளிபயரை மறந்தால் வருகிற அதே வில்லங்கம்.

ரீச்சர் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, என்னைப் பட்டனை அமத்தச் சொன்னார். அமத்தும் ஒவ்வொரு தரமும் ஒரு வரி புதிதாக விழுந்தது. என்ன எழுதுகிறது என்று கேட்டேன்.

"தெரியாத பட்டன் ஒண்டை ஆரோ அமத்தினமாம். அதைத் தெரியவைக்கிறதெண்டா அதுக்கொரு இலக்கம் குடுக்கட்டாம்."

"அப்ப அதுக்கு நான் அமத்தினது விளங்கியிருக்கு?"

"ஓம் அண்ணை. அமத்தினது விளங்குது. என்னத்துக்கு அமத்துறியள் எண்டுதான் விளங்கேல்லை."

நான் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ரீச்சர் சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய் இன்ரநெற்றில் என் சகலனுக்கு எழுதினார். அடுத்த சனிக்கிழமை பதில் கிடைத்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். ரீச்சர் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு இலக்கம் கொடுத்து, அந்த இலக்கம் வந்தால் உள்ளே இருக்கும் திருகைக் கூட்டு என்று ஒரு சின்ன வேலையையும் போட்டார். சூரியனும் சந்திரனும் வேலை செய்தன. திரை வெளிச்சம் கூடிக் குறைய, மனிசியின் முகம் விடிந்து விடிந்து இருண்டது. லவுட்ஸ்பீக்கர் பட்டனுக்கு வந்தபோது கரண்ட் நின்றுவிட்டது. லப்டொப்பின் பற்றறி கிழவி, அன்றைக்குச் சென்ரியில் இரண்டு நிமிசம் தாங்கியதோடு அதன் கதை முடிந்திருந்தது. எல்லாம் எழுதியாயிற்று, கரண்ட் உள்ள இடத்தில் போட்டுப் பாருங்கள் என்று ரீச்சர் அனுப்பிவிட்டார்.

என் வீட்டுக்குக் கரண்ட் இல்லை, அதுவரை என்னுடைய ஜெனரேற்றரில்தான் லப்டொப்பைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஜெனரேற்றர் அப்போது கோயில் பெருநாளுக்காக செற்றோடு சேர்ந்து கோயில் மண்டபத்துக்குள் நின்றது. பஸ்ஸால் இறங்கி நேரே அங்கே போனேன். மத்தியானம், ஆள் இல்லை. ஜெனரேற்றரை அடித்து லப்டொப்பைக் கொழுவினேன். பட்டன் வேலை செய்யாவிட்டாலும் கேட்க வேண்டும் என்ற அவசரத்தில், இவ்வளவு நாளும் புத்தியில் படாத வேலையாக, லப்டொப்பிலிருந்து ஒரு வயரை அம்பிளிபயருக்குக் கொடுத்து, அதன் திருகை உச்சியில் வைத்தேன். பனையில் கட்டியிருந்த இரண்டு குழாய்களுக்கும் போகும் வயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் கேட்பதுதான் என் எண்ணம். இருபது வருசமாக இந்தத் தொழில் செய்கிறவன் கழற்றியது சின்னப் பெட்டியின் வயரை.

மனிசி வாயைத் திறந்தாள். ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் பெட்டியில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. லவுட்ஸ்பீக்கர் பட்டனை அமத்தினேன். இன்னொருக்கால். இன்னொருக்கால். அப்போது அவள் குரல் கடல் பக்கத்திலிருந்து வந்தது.

"இஞ்சருங்கோ."

அவள் வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். துறைமுகத்தில் இறங்கி என்னைக் கூப்பிடுகிறாள் என்று எழும்பி வாசலுக்கு ஓடினேன். வெளியில் யாரும் இல்லை. பனைக்கு மேலே குழாய் பேசிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் ஊரைப் பார்த்து, மற்றது கடலைப் பார்த்து. உள்ளே ஓடி அம்பிளிபயரை நிற்பாட்டியிருக்கலாம். ஓடி வருவதற்குள் அவள் சொல்வதில் நாலு சொல் போய்விடுமே என்று கால் வரவில்லை. பனைக்குக் கீழே அண்ணாந்து நின்றேன்.

"ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஆள் இல்லை எண்டு கேட்டியள். பின்னால சனம் சிரிச்சதும் கேட்டது. நீங்கள் என்னைக் கூப்பிட்டியளோ, சனத்தைச் சிரிக்க வைச்சியளோ எண்டு எனக்கு விளங்கேல்லை. கலியாணம் கட்டின நாள் துவக்கம் எனக்கு அது விளங்கிறேல்லை. இஞ்ச இருக்கச் சொன்னா இருப்பன். வரச்சொன்னா வருவன். ஆனாப் பகிடி இல்லாம ஒருக்காக் கேளுங்கோ. அது போதும்."

உதடு மூடியது அந்தப் போதுமுக்குத்தான்.

கோயில் வளவுக்குள் நான் திரும்பிப் பார்த்தபோது வேலிக்கு வேலி தலைகள். கரைக்கு வந்த வள்ளத்தில் இரண்டு பேர் வலையைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். எப்போதும் நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற முகங்கள்தான். உள்ளே போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினேன்.

அடுத்த நாள் ஞாயிறு. கொமினிகேசன் கடைக்குள் நான் நுழைந்ததும் வாங்கில் இருந்தவர்கள் தள்ளி இடம்விட்டார்கள். கடைக்கார அண்ணை நம்பரை அடித்து, ரிசீவரை என் கையில் தந்துவிட்டு, வாங்கில் இருந்தவர்களைப் பார்த்து வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒருவரும் மறுக்காமல் எழும்பிப் போனார்கள். அவரும் போனார்.

அவள் எடுத்தாள். பகிடி இல்லாமல் பேசுவது எனக்குப் புதுச் செருப்புப் போலக் கடித்தது.

"நீர் வாரும்" என்றேன். "எனக்கு நீர் இல்லாம ஏலாது. அதுதான். வேற ஒண்டும் இல்லை."

அங்கே நெடுநேரம் சத்தம் இல்லை. இந்த முறை நான் எந்தப் பட்டனையும் தேடவில்லை.

"பக்கத்தில ஆர் நிக்கினம்?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வெளியில வெயிலுக்க நிக்கினம்."

ஏன் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். எதுவரைக்கும் கேட்டது என்றாள். நாரந்தனையில் கேட்டதாகச் சொல்கிறார்கள், வேலணை ரீச்சருக்குத்தான் கேட்கவில்லையாம் என்றேன். பிரான்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஓம் என்றாள்.

அடுத்த பெருநாளுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் மறுபடி சண்டை தொடங்கி, பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு ரெலிபோனும் நின்றது, வந்தது, நின்றது. விமானத்துக்கும் கப்பலுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்த வருசங்களில் வரவேண்டாம் என்று சொன்னதும் நான்தான், அதையும் பகிடி இல்லாமல்தான் சொன்னேன். பெருநாள்கள் லவுட்ஸ்பீக்கர் இல்லாமல் நடந்தன. லப்டொப்பைக் கரண்ட் கிடைக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பேன். பட்டன் இப்போது நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் ஒரு கோடு போட்ட பட்டனை அமத்தி அமத்திக் குறைத்து வைப்பேன். அப்போதுதான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டி வரும்.

இப்போது சண்டை முடிந்து பாதையும் திறபடுகிறது என்கிறார்கள். கையில் மொபைலும் வந்துவிட்டது, வாங்கும் இல்லை, சனமும் இல்லை. போன கிழமை கிணற்றடியில் நின்று மறுபடி கேட்டேன்.

"நீர் வாருமன்."

"பகிடியோ?" என்றாள்.

பதறிப்போய் இல்லை இல்லை என்றேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிளேன் ரிக்கெற் விசாரிக்கிறாளாம். வீட்டுக்குள் வந்து றேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, குசினிக் கதவை மறித்துக் கிடந்த கதிரையை எடுத்து அங்கால் வைத்தேன்.