ஓரெழுத்து நோயாளிகள்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். ஒரு வாசலில் கொடுத்த பேர் மறு வாசலில் அதே பேராக வெளியே வரவேண்டும். எங்கள் தொழில் அவ்வளவுதான், அதற்குத்தான் இத்தனை பாடு. பழைய டிஎல்எல்லுக்குப் பேரை அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஜனக்புரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். குழாயில் ஒட்டும் லேபிளை அச்சடிக்க எங்கள் கம்பெனியின் சி ஷார்ப் நிரல். பிரிண்டரோடு வந்ததோ சி மொழியில் எழுதிய பழைய டிஎல்எல், எங்கள் நிரல் கொடுக்கும் பேரை வாங்கி பிரிண்டருக்குத் தள்ளும் துணை நிரல். நான் பத்தாவதோடு நின்றவள். பேர்களைத் தட்டி, லேபிள் சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. நிரல் எழுதுகிறவர் துவாரகாவிலிருந்து வரும் மகேஷ் சார். பெரிய படிப்பு. அவர் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும், தினமும் சொல்வார்.

கேள்விக்குறி

லேபிளில் மேல் வரி இந்தி, கீழ் வரி இங்கிலீஷ். முதல் நாள் இங்கிலீஷ் ஒழுங்காக வந்தது. இந்தி வரி முழுக்கக் கேள்விக்குறி. நிரல் பேரை ஆன்ஸி என்ற பழைய எழுத்து முறையில் அனுப்பியிருக்கிறது. அதற்கு இந்தி எழுத்தே தெரியாது. தெரியாததற்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும். “பிரிண்டர் மட்டம்” என்றார் மகேஷ் சார், நிரலைத் திறந்துகூடப் பார்க்காமல். ரத்தம் எடுக்கும் ஸ்டெல்லா, நாகர்கோவில்காரி, லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அக்கா, நோயாளி யாருன்னு நம்மகிட்டயே கேக்குது பாருங்க!”

அப்பா பேர்

மறுநாள் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்: ஆன்ஸி இருந்த இடத்தில், எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூனிகோட். அந்தப் பக்கம் இருக்கிற டிஎல்எல்லுக்கு யூனிகோட் தெரியுமா? விசாரிக்கவில்லை. விசாரித்தால் படித்த படிப்பு என்ன ஆவது! அவர் போட்ட வகை யூனிகோடில் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பூஜ்யம் ஒட்டிக்கொண்டு போகும். பழைய டிஎல்எல்லுக்கோ பூஜ்யத்தைக் கண்டால் பேர் முடிந்தது என்று அர்த்தம். இந்தி வரி கிறுக்கலாயிற்று. இங்கிலீஷில் ஆளுக்கு ஓரெழுத்து.

நம் ஜனங்களுக்கு முதல் எழுத்து இனிஷியல் அல்லவா? கோல் மார்க்கெட்டிலிருந்து வந்த பெரியவர் கே. சுப்பிரமணியன், வெறும் ‘கே’ ஆனார்.

“என் கை, என் ரத்தம், பேர் மட்டும் எங்கப்பா கிருஷ்ணசாமியோடதா? அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சும்மா!”

இடது கே, வலது கே

சிரிப்பு அத்தோடு நின்றது. அடுத்த நாற்காலியில் கே. ராஜேஸ்வரி, மறுநாள் ஆபரேஷன், ரத்தப் பிரிவு தெரிந்தாகவேண்டும். தட்டில் இரண்டு குழாய், இரண்டும் ‘கே’. எது யாருடையது?

“இடப்பக்கம் அந்தம்மா, வலப்பக்கம் பெரியவர். சிம்பிள்!” என்றார் மகேஷ் சார். அதற்குள் தட்டு இரண்டு தடவை கைமாறித் திரும்பியிருந்தது. ஸ்டெல்லா இரண்டு குழாயையும் கழிவுத் தொட்டியில் போட்டாள்.

“உங்க ரத்தம்னா இப்படித்தான் வெப்பீங்களா, சார்?”

இரண்டாவது குத்து

பிரிண்டர் டப்பாவில் கிடந்த தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது: பேரை யுடிஎஃப்-8 முறையில் கொடு, கடைசியில் மட்டும் ஒரு பூஜ்யம் வை. அந்த முறையில் இந்தியும் போகும், நடுவில் பூஜ்யமும் ஒட்டாது. “இது என்ன சார்?” என்று நீட்டினேன். பார்த்தார். “அதைத்தான் செய்யப்போறேன், ஜல்தி என்ன?” என்றார். கால் மணியில் இரண்டு வரியிலும் பேர் முழுசாக வந்தது.

பெரியவரும் ராஜேஸ்வரியும் மறுபடி கையை நீட்டினார்கள். ராஜேஸ்வரி தன் லேபிளை வாங்கி, பேரை வாய்விட்டுப் படித்தபிறகே ஒட்டவிட்டாள்.

“ரெண்டு குத்து வாங்கின பேரு, பத்திரம்!”

சாயங்காலம் வேலை அறிக்கையில் ‘பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்’ என்ற கட்டத்தில் முழுப்பேர் எழுதச் சொன்னார்கள். மகேஷ் சார் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, வளைத்து வளைத்து ஒரே ஓரெழுத்துப் போட்டார்: எம்.