இளவரசிக்கு ஏற்றிய மோட்ச தீபம்

கழுகுமலையில் குடிகொண்ட வேலவன் திருவடி போற்றி, தை அமாவாசைப் புண்ணிய நாளாகிய இன்று இதனை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருந்த என் நண்பர், வார இதழில் வந்த சரித்திரத் தொடர்கதையைக் கிழித்தெடுத்து, பைண்டு செய்து எனக்குத் தந்தார். கழுகுமலைப் பாறையில் கோயில் குடைவதற்குத் தன் நகைகளை ஈந்த பாண்டிய இளவரசி, தை அமாவாசையன்று இறந்ததாக அதில் இருந்தது. அவளது நட்சத்திரமும் இருந்தது. மனம் தாங்காமல், அவ்வாண்டுத் தை அமாவாசையன்று, இறந்தோர் நற்கதிக்காக ஏற்றும் மோட்ச தீபத்தை முருகன் சந்நிதியில் அவள் பெயருக்கு ஏற்றி, பதிகமும் பாடினேன்.

செய்தி அறிந்த நண்பர் சிரித்துவிட்டார். “கதையில வந்த பொண்ணுக்கா தீபம் போட்டிய அண்ணாச்சி? அவ கற்பனைன்னு கடைசி வாரத்துல எழுதியிருந்தாவளே!”

“அந்தத் தாள் எங்க?”

“பைண்டுல சேக்க விட்டுப்போச்சு.”

இல்லாதவளின் பெயரை இறைவன் முன் சொன்னது என்னை வருத்தியது. இனி உண்மையை மட்டுமே படிப்பதென்று, நூலகத்திலிருந்து எளிய வரலாற்று நூலொன்றை எடுத்து வந்தேன். மன்னர்கள், போர்கள், ஆட்சியாண்டுகள் எல்லாம் இருந்தன. அப்பாறையில் உளி பிடித்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

மறு தை அமாவாசையில் மீண்டும் தீபம் ஏற்றச் சென்றேன்.

“யார் பேருக்கு?” என்றார் அர்ச்சகர்.

“பேர் தெரியாது சாமி. இந்த மலையில கோயில் குடைஞ்சவிய. நெசமாவே இருந்தவிய.”

அவர் திரியை எடுத்துக் கொடுத்தார்.

இன்று காலையும் ஏற்றிவிட்டு வந்தேன். இதைப் படிப்போர் அனைவரும், அவர்தம் பெயரறியா முன்னோரும், வேலவன் அருளால் நற்கதி பெறுக.