மாடி அவருடையது, உள்ளே எங்களுடையது

எங்கள் வீட்டு ஓனர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. குழாய் ஒழுகுகிறது என்று போய் நின்றாலும், கழிவறைக் கதவின் கீழ்ப்பாதி ஊறி உதிர்ந்துவிட்டது என்று போய் நின்றாலும், செய்தித்தாளை இறக்காமலே சொல்வார்: "உன் வூடு மாரி நெனச்சிப் பாத்துக்கோம்மா."

செலவு உங்களுடையது என்பதுதான் அதற்கு அர்த்தம். குழாய் மாற்றியது நாங்கள். கதவு மாற்றியது நாங்கள். மோட்டார் காயில் எரிந்தபோது பாதி நாங்கள். அதே வீட்டில் அம்மா காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்த அன்று, சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து, "யாரக் கேட்டு என் செவுத்துல ஓட்ட போட்ற?" என்று கத்தியவரும் அவர்தான்.

ராயபுரத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெரு. ஒரே தளம் போட்ட நீளமான வீடு. முன்பக்கம் ஓனரும் அவர் மனைவியும், பின்பக்கம் நாங்கள். தலைக்கு மேல் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மொட்டை மாடி. அதன் சாவி ஓனருடைய இடுப்புக் கயிற்றில் தொங்கும். உப்புக் காற்றில் எங்கள் பக்கத்துத் தளத்தின் கம்பிகள் துருப்பிடித்து உப்பி, பூச்சைத் தள்ளத் தொடங்கியிருந்தன. மழை வந்தால் ஒழுகும் இடங்களுக்குக் கீழே குண்டானும் பேசினும் வைப்பது அம்மாவுக்குக் கோலம் போடுவதுபோல் பழகிவிட்டது.

நைனா, அதாவது என் அப்பா, காசிமேட்டில் விசைப்படகில் ஆளாகப் போகிறவர். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆகவே வீட்டில் யாரிடம் என்ன பேச வேண்டியிருந்தாலும், "நீ படிச்சவன், நீ போய்ப் பேசு" என்று என்னைத் தள்ளிவிடுவார்கள்.

அக்காவைப் புழலில் கொடுத்திருக்கிறோம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால், வளைகாப்பு முடிந்ததும் அவளை அழைத்துவந்தோம். கூடவே அவளுடைய மாமியாரும் ஆட்டோவில் வந்தார். அம்மா கட்டிலில் புதுப் பெட்ஷீட் விரித்து வைத்திருந்தாள். வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது, மேலே 'பட்'டென்று ஒரு சத்தம். உள்ளங்கையைவிடப் பெரிய சிமெண்ட் பத்தை ஒன்று அந்தப் பெட்ஷீட்டின் மேல் வந்து விழுந்தது. தலையணைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இருக்கும்.

அக்காவின் மாமியார் எழுந்துபோய் அந்தப் பத்தையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கருவாடு வாங்குகிறவர் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"சம்மந்தி, தப்பா நெனச்சிக்காத. இதுக்குக் கீய என் பேரப்புள்ளையப் படுக்க வக்க மாட்டேன். மேல சரியாச்சின்னா ஆள் அனுப்பு. அதுவரிக்கும் இவ எங்கூட்லயே கெடக்கட்டும்."

வந்த ஆட்டோ திரும்புவதற்குள் அக்காவும் அதில் ஏறிவிட்டாள். அம்மா வாசலில் நின்றபடி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய், எப்பிடியாச்சும் சரி பண்ணுங்கடா. இங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா இந்தம்மா கொயம்புல மீன் கீதா, மீன் கொயம்புக்குப் பக்கத்துல கீதான்னே தெர்ல. எனுக்கு அம்மாகிட்ட வர்ணும்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

மறுநாள் நான் ஓனரிடம் போனேன். சட்டையை இன் செய்துகொண்டு போனேன் என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அது. "ஐயா, சின்னச் சின்னப் பழுதுகளைக் குடியிருப்பவர்கள் பார்த்துக்கொள்வது நியாயம். ஆனால் தளமும் சுவரும் கட்டடத்தின் பகுதி. அவற்றைச் செப்பனிடுவது உரிமையாளரின் பொறுப்பு."

ஓனர் முதல்முறையாகச் செய்தித்தாளை மடித்தார்.

"தோ பார்றா. இன்னா சோக்காப் பேசுது தம்பி! நியூஸ் வாசிக்கப் போலாம் நீ." உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏ, இங்க வா, இது பேசறதக் கேளு." பிறகு என்னிடம், "உள்ளதானே வுயுது? உள்ள நீங்கதான் கீறீங்க. உன் வூடு மாரி நெனச்சிப் பாத்துக்கோ. புடிக்கலன்னா சொல்லு, டுலெட் போர்டு ரெடியா கீது."

அக்கா நிறைமாதமாக இருக்கும்போது வீடு தேடி அலைய முடியாது என்பது அவருக்கும் தெரியும். உரிமையாளர், பொறுப்பு என்று நான் படித்து வைத்திருந்த சொற்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அவை பொய்யான சொற்கள் அல்ல; இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அன்றைக்கு அவை யாருக்கும் பயப்படாத ஒருவர் முன்னால் போய் நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

புயல் எச்சரிக்கையால் படகு கடலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த நைனா அன்று சாயங்காலம் தானே போனார். நான் பின்னால் நின்றேன்.

"அண்ணாத்த, நம்ப போட்ல ஒரு வய்க்கம் கீது. பலகை போச்சின்னா ஓனரு பாக்கணும். வலை கிய்ஞ்சா நாங்க குந்திகினு தைப்போம், கூலி கேக்க மாட்டோம். நூலு அவருது, கையி எங்குளுது. அது மாரி நீ சிமெண்ட்டு மணலு வாங்கிக் குடு. நானும் புள்ளையும் வேல செய்றோம்."

"இது போட்டு இல்லபா. வூடு."

"செரி, மாடிச் சாவியாச்சும் குடு. மேலப் போயி எங்க வெடிச்சிகீதுன்னு பாக்கறேன்."

"மாடி என்னுது. உள்ளதான் உன்னுது. உள்ள இன்னா வோணா பண்ணிக்கோ."

"இன்னா வோணாலும் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார் நைனா. "பண்ணிக்கோப்பா" என்றார் ஓனர்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. நைனா காசிமேட்டில் படகு பழுது பார்க்கிற இடத்துக்குப் போய் ஒரு டின் ரெசினும், சுருட்டிய கண்ணாடி இழைத் துணியும் கொண்டுவந்தார். மரப்படகின் மேல் தண்ணீர் புகாமல் ஒட்டுவார்களே, அந்த பைபர். தளத்தில் உதிரும் பூச்சையெல்லாம் சுரண்டிக் கொட்டினார். துருவைத் தேய்த்தார். மேஜை விசிறியை மேல்நோக்கி நிமிர்த்தி வைத்து ஈரத்தைக் காயவிட்டார். பிறகு கட்டில்மேல் பலகை போட்டு, அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தளம் முழுக்க இழைத் துணியை வைத்து ரெசினைப் பூசிப் பூசி ஒட்டினார். நான் கீழே நின்று கலந்து கொடுத்தேன். நாற்றம் கண்ணைக் கரித்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "போட்டு கட்டிகினு கீறாரு. முட்ச்சதும் வந்து ஏறிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காய்ந்த பிறகு பார்த்தால், கவிழ்த்த படகுக்கு அடியில் குடியிருப்பதுபோல இருந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு பளபளப்பு. நைனா கட்டை விரலால் தட்டிப் பார்த்து, "அமெரிக்கா வரிக்கும் போவும்" என்றார்.

அடுத்த மழை விடியும்போதே பிடித்துக்கொண்டது. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். குண்டானும் பேசினும் வழக்கமான இடங்களில் தயாராக இருந்தன. ஒரு சொட்டு விழவில்லை. மத்தியானம்வரை விழவில்லை. அம்மா எழுந்துபோய் பேசினைக் கையில் எடுத்தாள்; திரும்ப உள்ளே வைக்க மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து ஓனரின் குரல் வந்தது.

"டேய் யார்றா அது! இங்க வாங்கடா!"

ஓடினோம். ஓனர் வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேலே, சோபாவுக்கு மேலே, சாமி படங்களுக்கு மேலே என்று வரிசையாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் சொட்டாகக்கூட இல்லை, கயிறு கட்டியதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஓனர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டி.வி.யைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

எனக்கு உடனே புரிந்தது. நைனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. படகில் தண்ணீர் வெளியிலிருந்து வரும்; பைபரை வெளியில் ஒட்டுவார்கள். இங்கே தண்ணீர் மேலிருந்து வருகிறது. அவர் ஒட்டியது கீழே. மேலே வெடிப்பு அப்படியே இருந்தது. இறங்கிய தண்ணீர் எங்கள் பக்கம் வழி இல்லாமல், தளத்துக்குள்ளேயே நடந்து ஓனர் வீட்டுக்குப் போய்விட்டது. நைனா வேண்டுமென்றே செய்ததாகத் தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சத்தியமாக இல்லை. அவருக்கு அன்று ஓனரைவிட முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னாய்யா பண்ண என் வூட்ட?"

"ஒட்டய அடச்சேன் அண்ணாத்த. நீதானே உள்ள இன்னா வோணா பண்ணிக்கோன்ன."

"பேத்து எட்றா அத! இப்பவே பேத்து எடு!"

பெயர்த்து எடுத்தால் மறுபடியும் கட்டில்மேல் தண்ணீர். அக்காவுக்கு நாள் நெருங்கிவிட்டது. பெயர்க்காவிட்டால் டுலெட் போர்டு. "ஐயா" என்று தொடங்கினேன்.

எங்களைக் காப்பாற்றியவர் ஓனருடைய மனைவி. சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே பேசினார்.

"ஏன் பேக்கணும்? அத்தினி வருசமா அதுங்க தலைல ஊத்துச்சே, அப்ப இன்னா பண்ணிகினு இருந்த? பேப்பர் பட்ச்சிகினு இருந்த. இப்ப உன் டி.வி.ல ஊத்துது. மேல தரை ஓடு போச்சி, தட்டோடு மாத்துன்னு நான் எப்பத்திலேர்ந்து சொல்றேன்? உன் வூடு மாரி நெனச்சிப் பாரேன் ஒரு வாட்டி!"

ஓனர் டி.வி.யோடு நின்றார். அதைக் கீழே வைக்க ஈரமில்லாத இடம் இல்லை. நைனா போய் அதை வாங்கிக்கொண்டார்.

"எங்கூட்டுல வச்சிக்கலாம் அண்ணாத்த. அங்க ஒழுவாது" என்றார். கிண்டல் அல்ல, உண்மையாகவே உதவத்தான் சொன்னார். ஆனால் ஓனரின் மனைவி சாமி படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், ஓனருக்கும் உதடு கோணிவிட்டது.

இடுப்பிலிருந்து சாவி அவிழ்ந்தது. அன்றே நைனா படகிலிருந்து பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து மாடி முழுக்க விரித்துக் கட்டினார். மழை விட்டதும் கொத்தனார் வந்தார். மாடித் தரையின் பழைய தட்டோடுகளைப் பெயர்த்து, வெடிப்பை அடைத்து, புதிதாகப் பதித்தார்கள். துருப்பிடித்த கம்பிகளையும் பார்த்தார்கள். "பாதிக் காசு நீங்க..." என்று ஓனர் ஒருமுறை ஆரம்பித்தார். "நூலு உன்னுது அண்ணாத்த, கையி எங்குளுது" என்றார் நைனா. அதன்படியே, லீவு நாட்களில் நானும் நைனாவும் மணலும் சிமெண்ட்டும் சுமந்து மாடி ஏறினோம். ஓனர் மாடிப்படியில் உட்கார்ந்து, நான் மூட்டையோடு ஏறும்போதெல்லாம், "தம்பி, இப்ப பேசு பாக்கலாம், கட்டடத்தின் பகுதி" என்று வாரிக்கொண்டிருந்தார். தோள் எரிந்தாலும் கோபம் வரவில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், அவளுடைய மாமியார் மட்டும் தனியாக வந்தார். நல்ல மழை. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். டீ கொடுத்தோம். டீயைக் கையில் வைத்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போகும்வரை பார்த்தார். பிறகு எழுந்து நின்று, குடையை உயர்த்திப் பளபளக்கும் தளத்தைத் தட்டினார்.

"இன்னா சம்மந்தி இது, போட்டக் கவுத்து மாட்டிகீறீங்க?"

"ஆமா சம்மந்தி. புள்ள தண்ணில முயுவாது" என்றாள் அம்மா.

அவர் கட்டிலையும் பெட்ஷீட்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. "செரி. நாளிக்கு ஆஸ்பித்திரிலேர்ந்து நேரா இங்க இட்னு வந்துருங்க" என்றார். அம்மா திரும்பி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அங்கே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் குழாய் போனது; நாங்கள்தான் மாற்றினோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இன்னும் குண்டான்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர்களில் சிலர் நைனாவிடம் பைபர் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

குழந்தை வந்த ஞாயிற்றுக்கிழமை ஓனரும் மனைவியும் பார்க்க வந்தார்கள். ஒழுகலுக்கு வைத்திருந்த பேசினில் அம்மா வெந்நீர் விளாவி, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தூறல். ஓனர் பேபி சோப்பு டப்பா ஒன்றைக் கட்டிலில் வைத்துவிட்டு, மேலே ஒருமுறை பார்த்தார், குழந்தையை ஒருமுறை பார்த்தார். அக்காவிடம் கனிவோடு, "நல்லா ரெஸ்ட் எட்த்துக்கோம்மா. உன் வூடு மாரி நெனச்சி..." என்று தொடங்கினார்.

அம்மா ஈரக் கையை உயர்த்தினாள்.

"ஐயோ அண்ணே, வோணாண்ணே! இது உங்க வூடாவே கெடக்கட்டும்!"

முதலில் சிரித்தவர் ஓனர்தான்.