தோற்றம்: பதுளை

ராமையா அண்ணாச்சி இன்று காலை போய்விட்டார்...

அவர் போனிலிருந்தே மகன் கூப்பிட்டான். திரையில் "சிலோன் அண்ணாச்சி" என்று வந்தது. இத்தனை வருஷமாக அப்படித்தான் சேவ் செய்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ராஜபாளையத்தில் எங்கள் மில்லில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் ஸ்பின்னிங், நான் டைம் ஆபீஸ்.

வெள்ளைக்காரன் போனதும் அவர் பிறந்த இலங்கை யாருக்கு என்று சண்டை. உழைத்த மண்தான் நம்ம நாடு என்பாராம் அவருடைய அய்யா. ஸ்ரீவில்லிபுத்தூர்தான் நம்ம நாடு என்பாராம் பெரியப்பா. அங்கே அரசாங்கமோ குடியுரிமைக்குத் தாத்தா காலத்துப் பேப்பர் கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் யாரிடம் இருக்கும்?

கடைசியில் இந்தியாவுக்குக் கப்பல். அக்கா மட்டும் அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சொந்தக்காரர்கள் முதல் வாரமே, "எப்ப ஊருக்குத் திரும்புறீக?" என்று கேட்டார்களாம். டீ குடித்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ரிட்டையர் ஆனதும் அவருக்கு ஒரே ஆசை, அக்காவை ஒரு தடவை பார்க்கணும். பாஸ்போர்ட் ஃபாரம் நான்தான் நிரப்பினேன். பிறந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அவரைக் கேட்காமலே போட்டேன். சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்தேன், மடையன்.

போலீஸ் விசாரணையில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பொறந்தது பதுளைப் பக்கம் சார். தம்பி தெரியாம எழுதிட்டாரு."

அதோடு நின்றது. கப்பலில் வந்த காலத்துப் பேப்பர் கேட்டார்கள். அது கரையானுக்குப் போய் எத்தனையோ வருஷம்.

வெளியே வந்து சண்டை போட்டேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் அக்காவைப் பார்த்திருக்கலாமே என்று கத்தினேன்.

"எங்கய்யா அந்த நாட்டுக்காரன்னு எழுதிக் குடுத்தாரு, இல்லன்னுட்டாங்க. பொறவு இந்த நாட்டுக்காரன்னு எழுதுனாரு, கப்பல் ஏத்திட்டாங்க. பொறந்த எடம் ஒண்ணுதான் தம்பி அப்படியே இருக்கு. அதையும் நானே மாத்தணுமா?"

அதற்குப் பிறகு வீடியோ கால்தான். அக்கா அங்கே அழுவார், இவர் இங்கே. நடுவில் சிக்னல் போய்விடும்...

இன்று போஸ்டருக்கு என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். தோற்றம், மறைவு என்று தேதி போடுவது வழக்கம். பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

தோற்றம்: பதுளை. மறைவு: ராஜபாளையம். அப்படியே எழுதி அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இந்தத் தடவ சரியா எழுதிட்டீங்க தம்பி."

அக்காவிடம் சொல்லித்தான் இருக்கிறார்...

போனில் பெயரை மாற்றிவிட்டேன். போய் வாருங்கள், ராமையா அண்ணாச்சி.